இரண்டாம் குரலுக்குக் கிடைத்த இடம்

எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம் அது. பாறசாலைக்குப் பக்கத்தில், விளவங்கோடு தாலுகாவை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் எங்கள் வீடு. நான் அப்போதுதான் பள்ளி இறுதி வகுப்புத் தேறியிருந்தேன். தேறினேன் என்று பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கணக்குப் பாடம் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாமல் விட்டதே பெரிய காரியம்.

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சர்ச்சில் ஒரு ஞாயிறு இது, மறு ஞாயிறு அது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். வாயில் வருவது எந்தப் பாஷை என்று நின்று யோசித்ததே கிடையாது. அந்த வருடங்களில்தான் யோசிக்க வேண்டி வந்தது. எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம், மறியல், கடையடைப்பு; எங்கள் வாயில் இதற்குச் சமரம் என்று பெயர். ஆண்பிள்ளைகளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போவதும், அம்மாமார் ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடப்பதும் சாதாரணமாகிவிட்டிருந்தன. பஸ் ஓடுமா ஓடாதா என்று காலையில் யாருக்கும் தெரியாது. ரோட்டுக்குப் போய் நின்று பார்த்தால்தான் உண்டு.

நாடு இப்படி இரண்டுபட்டுக் கிடக்கும்போது என் கவலை எதுவென்று கேட்டால் சிரிப்பீர்கள். எனக்குக் கல்லூரிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். கடலோரத்தில் கொப்பரை வியாபாரம் செய்கிற ஒரு வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டிருந்தார்கள். நல்ல குடும்பம், மாப்பிள்ளையும் குறை சொல்ல முடியாதவர்தான். ஆனால் எனக்கு வயது பதினேழுகூட ஆகவில்லை. அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். கடைசியில் அப்பா ஒரு தீர்ப்புச் சொன்னார். கல்லூரியில் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் கிறிஸ்துமஸ் கழிந்ததும் கல்யாணம். என் மார்க்கை வைத்துக்கொண்டு எனக்கு இடம் கிடைக்காது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

அந்த நேரத்தில்தான் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த என் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் பாட்டுக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும், நன்றாகப் பாடுகிற பெண்ணாக இருந்தால் மார்க் கொஞ்சம் குறைந்திருந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றும், ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருக்கிறது என்றும் சொன்னார்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாட்டு படிச்சா சீட்டு தாறதுக்கு அது என்ன நாடகக் கம்பெனியா? பாட்டு படிச்சா கணக்கு வருமா?" என்றார். எங்கள் பக்கத்தில் பாட்டைப் பாடுவதில்லை, படிப்போம்.

மாமா விடவில்லை. "அத்தான், ஒரு நாள் சோலிய விட்டுட்டு கூட்டிக்கிட்டு போங்கோ. போனா என்ன குறைஞ்சா போவும்?" என்றவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "மக்கா, ஒரு காரியம் ஓர்மை இருக்கணும். அங்க போயி தமிழ்ப் பாட்டு படிச்சு வைக்காத. இப்ப காலம் கொள்ளாது. சமரக்காரங்க வீட்டுப் பிள்ளையாக்கும்னு நெனச்சிருவாவ. மலையாளத்தில படி."

அது ஒரு சிரமமே இல்லை. எங்கள் சர்ச்சில் பாடுகிற பாட்டுகளில் பாதி இரண்டு பாஷையிலும் உண்டு. மெட்டு ஒன்றுதான், வார்த்தைகள்தான் வேறு. எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாயங்கால ஆராதனைப் பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டில் தினமும் அதே பாட்டுதான். அம்மா மீன் நறுக்கிக்கொண்டே கூடப் பாடுவாள். அக்கா முற்றம் பெருக்கிக்கொண்டே பாடுவாள். கேட்டவர்கள் எல்லோரும் கொள்ளாம் கொள்ளாம், நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இங்கே எங்கள் சர்ச் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் அடித்த கூத்து உங்களுக்குப் புரியாது. எங்கள் பழைய மிஷன் சர்ச்சுகளில் எல்லோரும் ஒரே மாதிரி பாடுவதில்லை. நான்கு குரலாகப் பிரித்துப் பாடுவோம். பாட்டின் மெட்டைப் பாடுவது மேல்குரல் பெண்கள். அதற்கு அடியில் வேறு சுரத்தில் ஒட்டிக்கொண்டு போவது ஆல்ட்டோ, அதாவது பெண்களின் இரண்டாம் குரல். ஆண்களுக்கு இதேபோல் இரண்டு. எனக்குச் சிறு வயதிலிருந்தே கட்டைக் குரல். பாட்டுக் குழுவில் சேர்ந்த அன்றே என்னை ஆல்ட்டோ பெஞ்சில் கொண்டு உட்காரவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் ஆல்ட்டோதான். அம்மாவும் அக்காவும் மேல்குரல். வீட்டு ஜெபத்தில்கூட அவர்கள் மெட்டைப் பாட, நான் அடியில் போவேன். அந்தப் பாட்டின் மெட்டை நான் தனியாக ஒரு தடவைகூடப் பாடியதில்லை. பாடவில்லை என்கிற நினைப்பே எனக்கு இல்லை. அவர்களுக்கும் இல்லை.

நேர்முகத்துக்குப் போன அன்று நல்ல மழை. புண்ணியத்துக்குப் பஸ் ஓடியது. கல்லூரியில் எங்களை ஒரு நீள வராந்தாவில் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பாட்டுக்கென்று வந்திருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். பட்டணத்துப் பெண்கள், மடிப்புக் கலையாத பாவாடை தாவணி, மொடமொடவென்று ரவிக்கை. என் பாவாடையில் முழங்கால் வரை செம்மண் தெறித்திருந்தது.

எனக்கு அடுத்து ஒரு பெண் அவளுடைய அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பாவாடையிலும் சேறு. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. காஞ்சிரங்குளம் பக்கம் என்றாள். எங்களை மாதிரியே மிஷன் சர்ச் குடும்பம். பேசிக்கொண்டிருக்கும்போதே குரலைத் தாழ்த்தி, "எனக்க அண்ணன் லாக்கப்பில கெடக்கான். போன வாரம் மறியலுக்குப் போனான். இங்க யாருகிட்டயும் சொல்லிராத பிள்ளே" என்றாள். முன்பின் தெரியாத என்னிடம் எதற்குச் சொன்னாளோ. அண்ணன் வீட்டில் இல்லாததால் படிப்புக்கு வழி இதுதான் என்றும், இந்த இடம் கிடைத்தால் கல்லூரியே செலவைப் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னாள். எனக்குக் கல்யாணத்திலிருந்து தப்ப வேண்டும், அவளுக்குப் படிக்க வேறு போக்கிடம் கிடையாது. ஒரு சீட்டுக்கு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய அம்மா கொடுத்த அவலைத் தின்றுகொண்டிருந்தோம்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். அறையில் பிரின்சிபால் அம்மாவும், ஒல்லியாக ஒரு பாட்டு டீச்சரும் இருந்தார்கள். ஆர்மோனியம் கிடையாது, ஒன்றும் கிடையாது. பெயர், ஊர் எல்லாம் கேட்டுவிட்டுப் பாடச் சொன்னார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். மலையாளத்தில்தான். ஒரு வார்த்தை பிசகவில்லை, சுருதி விலகவில்லை. முதல் அடி முடிந்து கண்ணைத் திறந்தால் பிரின்சிபால் அம்மா என்னை விநோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "குட்டீ, இது ஏது பாட்டாணு?" என்று கேட்டார். ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த பாட்டு, இவருக்குத் தெரியவில்லையா என்று எனக்கு ஆச்சரியம். பாட்டின் முதல் வரியைச் சொன்னேன். அவர் முகம் இன்னும் சுருங்கியது. அந்தப் பாட்டு அவருக்குத் தெரியும், ஆனால் இது அந்தப் பாட்டு இல்லை என்றார். மறுபடி பாடு என்றார்.

மறுபடி பாடினேன். இந்தத் தடவை என் குரல் என் காதில் விழுந்தது. கடவுளே! மூன்று சுரத்துக்குள் ஏறி இறங்கி, நின்ற இடத்திலேயே நின்று, யாரோ மாடு மேய்க்கும்போது முனகுகிற மாதிரி ஒன்று. அம்மாவும் அக்காவும் மேலே இல்லாமல் அது பாட்டே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெட்டைப் பிடிக்கப் பார்த்தேன். வரவில்லை. வாய் தானாகப் பழகின தடத்துக்கே போனது. நிறுத்தவும் தெரியவில்லை. கிறிஸ்துமஸும் கொப்பரை வாசனையும் கண் முன்னால் வந்து நின்றன. அழுகையை அடக்கிக்கொண்டு ஆல்ட்டோவையே பாடிக்கொண்டிருந்தேன்.

அப்போது வராந்தாவிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

முதலில் மெதுவாக. அடுத்த வரியில் முழுக் குரலில். அந்தப் பாட்டின் மெட்டு, சுத்தமாக, மழைச் சத்தத்தையும் மீறி. என் மேல் வந்து உட்கார்ந்த மாதிரி அவ்வளவு பொருத்தமாக. அவள்தான், அந்தக் காஞ்சிரங்குளத்துப் பெண். ஆனால் அவள் பாடியது தமிழில்! யாராவது சமரக்காரி என்று நினைத்துவிடக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த இடத்தில், அண்ணனை லாக்கப்பில் வைத்துக்கொண்டு, வாசல்வரை கேட்கும்படி தமிழில் பாடிக்கொண்டே அவள் கதவருகில் வந்து நின்றாள்.

நான் அந்தக் குரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு மேல்குரல் கேட்டுவிட்டால் அப்புறம் எதுவும் தெரியாது. அவள் தமிழில் மேலே, நான் மலையாளத்தில் அடியில். எங்கேயும் இடிக்கவில்லை. அவள் இழுத்த இடத்தில் நான் இழுத்து, அவள் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, கடைசி அடிவரை பாடி முடித்தோம். பிரின்சிபால் அம்மா கதவுப் பக்கம் திரும்பினார். நீ யார், உன்னைக் கூப்பிட்டார்களா என்று அவளைக் கேட்டார். அவள் அப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல் முழித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு ஓடிவிட்டாள்.

பாட்டு டீச்சர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். எனக்குத் தெரியாத ஒரு மெட்டை மெல்ல முனகிக் காட்டி, இதற்கு அடியில் போ என்றார். போனேன். வேறு ஒன்று பாடினார். அதற்கும் போனேன். சரி, போகலாம் என்றார். அவ்வளவுதான்.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் நின்று கேட்டேன். அப்படி ஒரு குரலை நான் அன்றுவரை கேட்டதில்லை. அங்கே இருந்த பட்டணத்துப் பெண்களெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்பாகூட கையிலிருந்த குடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்து, "செரி மக்கா. சீட்டு அவளுக்காக்கும். வா, போவலாம்" என்றார். கேலி செய்யவில்லை. எனக்கும் அதில் சந்தேகமே இல்லை.

திரும்பும்போது பஸ் பாலராமபுரத்தோடு நின்றுவிட்டது. முன்னால் எங்கோ மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்களாம். அவளும் அவளுடைய அம்மாவும் அதே பஸ்ஸில்தான் இருந்தார்கள். நெய்யாற்றின்கரைவரை நான்கு பேரும் நடந்தோம். வழியில் போலீஸ் வண்டிகள். அப்பா எங்கள் இருவரையும் பார்த்து, "இனியெங்கிலும் ரெண்டு பேரும் வாய தொறக்காம வாருங்கோ" என்றார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போலீஸ்காரர்களைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தோம்.

கூட்டம் குறைந்த இடத்தில் அவளிடம் கேட்டேன். தெரியாதவளுக்கு எதற்காகப் பாடினாய், உனக்கு இடம் வேண்டாமா என்று. அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "பாதிப் பாட்டு காதில விழுந்தா யாருக்குப் பிள்ளே பொறுக்கும்? நான் எங்க படிச்சேன். எனக்க வாய் தானா தொறந்துட்டு" என்றாள். மலையாள வார்த்தை அவசரத்துக்கு வாயில் வரவில்லையாம், அதனால்தான் தமிழாம். நெய்யாற்றின்கரையில் பூவார் ரோடு பிரிகிற இடத்தில் மழையில் நின்று எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள். காலேஜில் காணலாம் என்றுகூட இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருத்திக்குத்தான் கிடைக்கும் என்று தெரியும் அல்லவா.

இடம் எனக்குத்தான் கிடைத்தது. தபால் வந்த அன்று அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார், பெயர் மாறி வந்துவிட்டதோ என்று. பிறகு கொப்பரைக்காரர்களுக்கு ஆள் அனுப்பிப் பெண் படிக்கப் போகிறாள் என்று சொல்லிவிட்டார். வாக்கு மாறாத மனிதர். நான் வீடு முழுக்கக் குதித்தேன். அதையும் மறைக்க மாட்டேன், அந்த வயதின் சந்தோஷம் அப்படி.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே பாட்டு டீச்சரிடம் போய்க் கேட்டேன், அந்தப் பெண்ணை ஏன் எடுக்கவில்லை என்று. அவர் ஒளிக்காமல் சொன்னார். நல்ல குரல் உள்ள பெண்கள் அங்கே நிறைய இருந்தார்களாம். மேல்குரல் காதுக்குள் வந்து விழும்போது அதன் பின்னால் இழுபட்டுப் போகாமல் தன் இடத்தில் நிற்கிற ஆல்ட்டோதான் கிடைக்காமல் இருந்ததாம். நான் அப்படி நின்றதை அவர் கண்ணால் பார்த்தாராம். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் நின்றேன். அவள் பாடியிருக்காவிட்டால் நான் ஆல்ட்டோ என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. மெட்டே தெரியாத பெண் என்று அனுப்பியிருப்பார்கள். எனக்கு மேலே நின்று பாடிக் காட்டியவள்தான் வெளியே போனாள்.

நான் படித்தேன். பாட்டு என்னைக் கல்லூரிக்குள் கொண்டுவிட்டது, கணக்கு மட்டும் கடைசிவரை மனம் இரங்கவில்லை. எல்லையும் ஒரு வழியாகத் தீர்ந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போக, நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்துப் பக்கமே நின்றுவிட்டன. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. அவளை நினைக்காமல் ஒரு பாட்டும் பாடியதில்லை. ஆனால் தேடிப் போனதில்லை. போய் நின்று என்ன சொல்வது?

வருடங்கள் கழித்து, என் கணவரின் உறவில் ஒரு கல்யாணத்துக்குக் காஞ்சிரங்குளம் பக்கம் ஒரு சர்ச்சுக்குப் போயிருந்தேன். ஆராதனை நடுவில் பாட்டுக் குழுவிலிருந்து மேல்குரல் வந்தது. வராந்தாவில் கேட்ட அதே குரல். பெஞ்சில் உட்கார்ந்தபடி என்னை அறியாமல் அடியில் சேர்ந்துகொண்டேன். பாடிக்கொண்டே அவள் தலையைத் திருப்பி, முகம் முகமாகத் தேடி, என்னைப் பார்த்துவிட்டாள். பாட்டை விடவில்லை. கண் மட்டும் பெரிதாயிற்று.

விருந்துப் பந்தலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லூரியில் இடம் கிடைக்காததற்கு மறு வருடம் நர்ஸ் படிப்புக்குப் போய், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலையாக இருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைய அந்த ஒரே பேச்சுதான். "உனக்குக் கிடைக்க வேண்டிய இடத்தில நான் போயி இருந்தேன்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை, கர்த்தருடைய சித்தம் என்று ஏதாவது சொல்லித் தேற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

"ஆமா, எனக்கு கோவம் உண்டு" என்றாள். "அந்த வருஷம் முழுக்க உன்ன மனசுக்குள்ள ஏசிக்கிட்டுதான் கெடந்தேன். என்னத்துக்குடா வாய தொறந்தோம்னு என்னையும் ஏசினேன்." பிறகு முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் எரிச்சலோடு சொன்னாள். "இப்பவும் நீ அப்படி தனியாட்டு நின்னு முழிச்சா நான் படிக்கத்தான் செய்வேன். கேட்டுக்கிட்டு சும்மா இருக்க எனக்கு முடியாது மக்கா."

இப்போது அவள் இல்லை. பாட்டுத் திறமைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று பேரப்பிள்ளைகள் வந்து கேட்கும்போது, கிடைக்கும், எனக்கே கிடைத்தது என்று உடனே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பாட்டில் பாதி என்னுடையது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் எனக்கு முடிவதில்லை.